முறை வைத்துச் செய்யும் அன்பு

ஐயாயிரம் பேருக்கு ஆண்டவர் உணவளித்த புதுமையை நான்கு நற்செய்திகளும் சொல்கின்றன. ஆனால் அந்த அப்பங்களை வைத்திருந்தவன் ஒரு சிறுவன் என்பதை யோவான் மட்டும்தான் எழுதிவைத்தார். ஏழைகள் தின்னும் வாற்கோதுமை அப்பம் ஐந்து, சிறிய மீன் இரண்டு; அவ்வளவுதான் அவனிடம் இருந்தது. அவனைக் கண்டு சொன்னவர் அந்திரேயா, அவரும் வலை வீசிப் பிழைத்தவர். இளைஞர் கூட்டம் என்றால் இந்தப் பகுதியை எடுத்துக்கொள்ளாத பிரசங்கி இல்லை. சிறுவனின் தாராள மனத்தைப் புகழ்கிறோம், கைதட்டுகிறோம், அதோடு முடித்துவிடுகிறோம். அடுத்து நடந்ததை யாரும் நிதானமாகப் பார்ப்பதில்லை. கூட்டத்தைப் புல்தரையில் உட்காரவைக்கும்படி ஆண்டவர் சீடர்களுக்குச் சொல்கிறார். நூறு நூறாகவும் ஐம்பது ஐம்பதாகவும் உட்கார்ந்தார்கள் என்று மாற்கு எழுதுகிறார். எல்லாரும் உண்டபின், மீந்ததை வீணாக்காமல் சேர்த்தெடுக்கச் சொல்கிறார். பன்னிரண்டு கூடை நிறைந்தது. அப்பத்தைப் பெருக்கியது கடவுளின் வேலை. ஆட்களை உட்காரவைத்ததும் பரிமாறியதும் கூடை சுமந்ததும் மனிதரின் வேலை. வரிசை இல்லாமல் முண்டியடித்திருந்தால் தோள்வலு உள்ளவன் இரண்டு பங்கு வாங்கியிருப்பான்; கிழவியும் கைக்குழந்தைக்காரியும் வெறுங்கையோடு திரும்பியிருப்பார்கள். ஆகவே நான் சொல்ல வந்தது ஒன்றே. நம் பங்கு இளைஞர் மையத்தின் தொண்டு, நாள் குறித்து, ஆள் பொறுப்பேற்று, முறை வைத்து நடக்க வேண்டும். மனம் உருகும்போது மட்டும் செய்யும் தொண்டு நம் மனத்துக்குத்தான் ஆறுதல். தேவைப்படுபவருக்கு அது போதாது.

இது நிர்வாகப் பேச்சாயிற்றே, இதில் ஆன்மிகம் எங்கே என்று கேட்பீர்கள். திருத்தூதர் பணிகள் ஆறாம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். எருசலேமின் முதல் கிறிஸ்தவக் குடும்பம் சொத்துகளைப் பொதுவில் வைத்து வாழ்ந்தது. அன்புக்கு அங்கே குறைவில்லை. அப்படியிருந்தும் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. அன்றாடப் பந்தியில் கிரேக்க மொழி பேசிய கைம்பெண்கள் கவனிக்கப்படவில்லை என்பதே குறை. யாரும் அவர்களை வெறுக்கவில்லை. மொழி வேறு, அறிமுகம் குறைவு, அதனால் கண்ணில் படவில்லை. திருத்தூதர்கள் அதற்கு அன்பைப் பற்றி இன்னொரு பிரசங்கம் செய்யவில்லை. நற்பெயர் பெற்ற ஏழு பேரைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி, பொறுப்பை ஒப்படைத்து, தலையில் கைவைத்து மன்றாடினார்கள். பந்தியைக் கவனிக்கும் வேலைக்குத் தூய ஆவியும் ஞானமும் நிறைந்தவர்கள் தேவைப்பட்டார்கள்! அந்த எழுவரின் பெயர்களும் விவிலியத்தில் ஒவ்வொன்றாக எழுதப்பட்டுள்ளன. அவர்களில் ஒருவரான ஸ்தேவான் பிறகு திருச்சபையின் முதல் மறைசாட்சியானார். பொறுப்பேற்றவரின் பெயரைப் பட்டியலில் எழுதும் வழக்கத்துக்கு அங்கேயே முன்மாதிரி இருக்கிறது. அன்பு நிறைந்த சமூகத்திலும் முறை இல்லாவிட்டால் யாரோ சிலர் விடுபட்டுப்போவார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டுமா? நம் பங்குகளிலும் விடுபடுகிறவர்கள் இருக்கிறார்கள். அன்பியக் கூட்டத்துக்கு வர முடியாத முதியவர்கள், பிழைப்புக்காக வேறு ஊரிலிருந்து வந்து கரையில் குடிசை போட்டவர்கள், நம் சமயத்தைச் சேராத அடுத்த தெருக்காரர்கள்.

இந்த இராமநாதபுரக் கடற்கரைக்கு இளைஞர் தொண்டு புதிதும் இல்லை. புனித சவேரியார் 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்தபோது அவருக்கு வயது 36. கன்னியாகுமரி தொடங்கி நம் வேதாளை வரை நீண்டு கிடந்த துறைகளுக்கு அவர் ஓடி ஓடிப் போனாலும், நோயாளியைப் பார்க்க வாருங்கள் என்ற அழைப்பு எல்லாப் பக்கமும் வந்துகொண்டே இருந்தது. 1544 ஜனவரி 15ஆம் நாள் கொச்சியிலிருந்து உரோமைத் தோழர்களுக்கு எழுதிய கடிதத்தில் தாம் கண்ட வழியைச் சொல்கிறார். மன்றாட்டுகளைக் கற்ற சிறுவர்களை நோயாளிகளின் வீடுகளுக்கு அனுப்பினார். அவர்கள் வீட்டாரையும் அயலாரையும் கூட்டி ஜெபித்தார்கள். குரு ஒருவர், நோயாளிகள் பலர் என்ற எளிய கணக்கிலிருந்து பிறந்தது இந்த ஏற்பாடு. இளைஞருக்கு ஏதாவது வேலை கொடுப்போம் என்று யோசித்துச் செய்ததல்ல. அதே கடிதத்தில் நம்மைச் சங்கடப்படுத்தும் பகுதியும் உண்டு. அதை மறைக்கக் கூடாது. சிறுவர்கள் பிற தெய்வச் சிலைகளை உடைத்ததையும் சவேரியார் மகிழ்ச்சியோடு எழுதுகிறார். பிற சமயங்களில் உண்மையாகவும் தூய்மையாகவும் இருப்பவற்றைத் திருச்சபை ஒதுக்கித் தள்ளுவதில்லை என்று 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் அறிவித்த பிறகு, அந்தப் பகுதியை நாம் முன்மாதிரியாகக் கொள்ள வழியில்லை. இளமையின் வேகம் நோயாளியின் திண்ணைக்கும் போகும், அடுத்தவர் கோயிலின் சிலைக்கும் போகும். வேகத்துக்கு வழிகாட்ட ஆள் வேண்டும் என்பதை அந்த ஒரே கடிதம் இரண்டு பக்கமும் காட்டுகிறது.

இங்கே நம்மைச் சுற்றியுள்ளவர்களின் கேள்வியும் எழுகிறது. அதை நேராக எதிர்கொள்வோம். ‘இவர்கள் தொண்டு செய்வதே மதம் மாற்றத்தான்’ என்று சிலர் நினைக்கிறார்கள். அவர்கள் மேல் கோபப்படுவதற்கு முன் வேதாளையின் வரலாற்றைக் கொஞ்சம் படியுங்கள். பதினாறாம் நூற்றாண்டில் அங்கே காவல் வைத்திருந்த போர்ச்சுகீசியர், இராமேசுவரம் போகும் யாத்திரிகர்களை வழிமறித்துச் சுங்கம் வாங்கினார்கள். தீர்த்தமாடப் போகிறவனிடம் வரி! அதனால் மூண்ட பகையே 1549இல் விசயநகரப் படை வந்து தாக்கியதற்குக் காரணம் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். அப்போது வேதாளையில் இருந்தவர் அந்தோணி கிரிமினாலி என்ற இத்தாலியக் குரு. 1520இல் பிறந்தவர், வயது 29. இன்று நம் இளைஞர் மையத்தில் உறுப்பினராகச் சேர்க்கக்கூடிய வயதுதான். சுங்கம் வாங்கியவர்கள் படகேறித் தப்பப் பார்த்தபோது, அவர் கரையில் நின்று பெண்களையும் குழந்தைகளையும் படகுகளுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். அங்கேயே ஈட்டிகளால் குத்துண்டு இறந்தார். இயேசு சபையின் முதல் மறைசாட்சி அவர். சிலுவைக்கொடி பிடித்த ஒரு கூட்டம் சிவன் கோயிலுக்குப் போனவனிடம் காசு பறித்தது. அதே சிலுவையை வணங்கிய ஓர் இளைஞன் பலவீனரைக் காப்பாற்றிவிட்டுச் செத்தான். இரண்டும் ஒரே மணலில் நடந்தவை. அக்கம்பக்கத்தார் நம்மைச் சந்தேகிப்பதற்கு முதலாவது காரணமாக இருக்கிறது. அந்தச் சந்தேகத்தை இரண்டாவது மட்டுமே தீர்க்கும், வாதம் தீர்க்காது.

ஆகவே மையத்துக்குள் ஒரு விதி வேண்டும். தொண்டுக்குப் போகும் இடத்தில் துண்டுப் பிரசுரம் கூடாது, கேட்காதவருக்கு ஜெபம் கூடாது, உதவி பெற்றவரை ஆலயத்துக்கு அழைத்துக் கணக்குக் காட்டவும் கூடாது. அப்படியானால் நற்செய்தியை எப்போது அறிவிப்பது என்று ஆர்வமுள்ள சிலர் கேட்பார்கள். லூக்கா பதினேழாம் அதிகாரத்தில் பத்துத் தொழுநோயாளர் குணமானார்கள். நன்றி சொல்லத் திரும்பியவர் ஒருவரே, அவரும் சமாரியர். மற்ற ஒன்பது பேர் எங்கே என்று ஆண்டவர் வருந்திக் கேட்டார். ஆனால் அவர்களுக்குக் கொடுத்த நலத்தைத் திரும்பப் பறிக்கவில்லை. பயன் எதிர்பார்த்துக் கொடுத்திருந்தால் அந்தப் புதுமை வியாபாரம் ஆகியிருக்கும். இந்த மாவட்டத்திலேயே வேறு சான்றும் உண்டு. இராமேசுவரத்தின் முஸ்லிம் குடும்பத்துப் பையன் அப்துல் கலாம், இராமநாதபுரத்தில் சுவார்ட்சு பாதிரியார் பெயர் தாங்கிய பள்ளியில் படித்து, திருச்சியில் தூய வளனார் கல்லூரியில் பட்டம் பெற்றார். கடைசிவரை முஸ்லிமாகவே வாழ்ந்து மறைந்தார். அந்த நிறுவனங்கள் தோற்றுவிட்டன என்று யாராவது சொல்வார்களா? தெற்கே மார்த்தாண்டத்தில் 1920களில் கிறிஸ்தவ இளைஞர் சங்கம், அதாவது ஒய்.எம்.சி.ஏ., நடத்திய கிராமப் பணி மையமும் அப்படித்தான். ஸ்பென்சர் ஹாட்ச் என்ற அமெரிக்கரின் பொறுப்பில் நடந்த அந்த மையம், தேனீ வளர்ப்பையும் கோழி வளர்ப்பையும் உழவருக்குக் கற்றுக்கொடுத்தது. தேனீ எந்தச் சமயத்தார் வீட்டில் கூடு கட்டுகிறது என்று யாரும் கேட்கவில்லை. அந்தப் பகுதியின் தேனுக்கு மார்த்தாண்டம் தேன் என்ற பெயர் நிலைத்தது.

இன்னொரு மறுப்பு நம் வீட்டுக்குள்ளிருந்தே வருகிறது. ‘ஜெபமும் திருப்பலியும்தான் முதலில், சமூக சேவைக்கு வேறு சங்கங்கள் இருக்கின்றன’ என்று பக்தியுள்ள பெரியவர்கள் சொல்கிறார்கள். அவர்கள் எடுத்துக்காட்டுவது மார்த்தா, மரியா கதையை. ஆண்டவரின் காலடியில் அமர்ந்தவளே நல்ல பங்கைத் தேர்ந்தாள் அல்லவா? உண்மைதான். ஆனால் லூக்கா அந்தக் கதையை எங்கே வைத்திருக்கிறார்? பத்தாம் அதிகாரத்தில், நல்ல சமாரியர் உவமை முடிந்த அடுத்த வரியில். அடிபட்டுக் கிடந்தவனைக் குருவும் லேவியரும் விட்டு விலகிப் போனார்கள், வேற்றினத்தான் நின்று கவனித்தான் என்று சொல்லி முடித்த கையோடு, மார்த்தாவின் வீட்டுக்குள் நுழைகிறார். இரண்டையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். வேலை செய்ததற்காக மார்த்தா கடிந்துகொள்ளப்படவில்லை. படபடத்து, தங்கையைக் குறைசொல்லி, விருந்தாளியிடமே புகார் செய்ததற்காகத்தான். ஓயாமல் அலைந்து, மற்றவர் வரவில்லையே என்று சலித்துக்கொள்ளும் தொண்டனுக்கு இது நல்ல எச்சரிக்கை. ஜெபம் இல்லாத தொண்டு அந்தச் சலிப்பில் போய் முடியும் என்று பெரியவர்கள் சொன்னால் நானும் ஒப்புக்கொள்வேன். ஆனால் தொண்டைத் தள்ளிவைத்த ஜெபத்தைப் பற்றி எசாயா ஐம்பத்தெட்டாம் அதிகாரத்தில் இறைவாக்கினர் பேசுவதைக் கேட்டால் அப்படி ஜெபிக்க யாருக்கும் துணிச்சல் வராது. பசித்தவனுக்கு உணவைப் பகிர்வதையே தமக்கு உகந்த நோன்பென்று கடவுள் அங்கே கேட்கிறார். தொண்டைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடுகிறவர்கள் மத்தேயு ஆறாம் அதிகாரத்தையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம். அதற்கு மேல் நான் சொல்லத் தேவையில்லை.

சரி, அரசாங்கம் இருக்கிறதே, வரி வாங்குகிறதே, அதன் வேலையை நம் பிள்ளைகள் ஏன் செய்ய வேண்டும்? நியாயமான கேள்வி. மறுபடியும் சமாரியரைப் பாருங்கள். காயத்தில் எண்ணெயும் திராட்சை இரசமும் வார்த்துக் கட்டினார், தம் விலங்கின்மேல் ஏற்றினார். அதற்குப் பிறகு அவர் தாமே ஒரு மருத்துவமனை தொடங்கவில்லை. ஏற்கெனவே இருந்த சாவடிக்குக் கொண்டுபோய் ஒப்படைத்து, இரண்டு தெனாரியம் கொடுத்து, திரும்பி வரும்போது மீதியைத் தருகிறேன் என்றார். விழுந்தவனை அவனுக்கான இடத்தில் கொண்டுசேர்ப்பதும், போட்டுவிட்டு மறக்காமல் திரும்பிவந்து பார்ப்பதும்தான் அவர் செய்தவை. இந்தக் கரையில் இன்று தேவைப்படுவதும் பெரும்பாலும் இதுதான். இராமநாதபுரத்தில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஆனால் இராமேசுவரத்திலிருந்து அது 50 கிலோமீட்டருக்கு மேல். தனியாக இருக்கும் ஒரு பாட்டிக்கு மாத்திரை அங்கே இலவசமாகக் கிடைக்கும். கூட்டிக்கொண்டு போக ஆள் கிடைக்காது. இலங்கைக் கடற்படை 2024இல் மட்டும் தமிழக மீனவர் 500க்கும் மேற்பட்டவர்களைப் பிடித்துக்கொண்டுபோனது. பிடிபட்ட வீட்டில் அழுகைக்கு நடுவே ஆயிரம் காகிதம் தேட வேண்டியிருக்கிறது: படகின் பதிவுச் சான்று, அடையாள அட்டை நகல், மீன்வளத்துறைக்கு ஒரு மனு, திங்கட்கிழமை குறைதீர் நாளில் ஆட்சியருக்கு ஒரு மனு. அடுத்த அழைப்பு எங்கிருந்து வரும் என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கும் மனைவிக்கு, கல்லூரி முடித்த ஒரு பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து மனு எழுதிக்கொடுத்து, அடுத்த வாரமும் வந்து ‘என்ன ஆச்சு அக்கா’ என்று கேட்டால், அரசாங்கம் தன் வேலையைச் செய்ய அதுவே உதவியாகும்.

முறையாக நடக்கும் இளைஞர் தொண்டுக்கு முன்மாதிரி தேடி நாம் வெளிநாடு போக வேண்டாம். இலங்கைத் தமிழர் முகாம்களைப் பார்த்தால் போதும். மண்டபம் முகாம் பிரிட்டிஷ் காலத்தில், இலங்கைத் தோட்டங்களுக்குக் கப்பலேறிய கூலித் தொழிலாளரைத் தடுத்துவைத்து நோய் இருக்கிறதா என்று சோதிப்பதற்காக எழுந்தது. 1983க்குப் பிறகு எதிர்த்திசையில் வந்த ஈழத்தமிழருக்கு அதுவே புகலிடமானது. இலங்கையின் பொருளாதாரம் சரிந்த 2022இல், அரிச்சல்முனைக்கு அருகே மணல்திட்டுகளில் குழந்தைகளோடு இறக்கிவிடப்பட்டவர்களும் அங்கேதான் வந்துசேர்ந்தார்கள். வியட்நாமிலிருந்து படகுகளில் தப்பியோடிய மக்களின் துயரம் மனத்தை உலுக்க, இயேசு சபையின் அதிபர் பேத்ரோ அருப்பே 1980இல் அகதிகள் பணிக்குழுவைத் தொடங்கினார். தமிழகத்தின் இலங்கைத் தமிழர் முகாம்களில் அந்தப் பணிக்குழு மாலைநேர வகுப்புகளை நடத்திவருகிறது. அங்கே பாடம் சொல்லிக்கொடுப்பவர்கள் பெரும்பாலும் அதே முகாமில் வளர்ந்து படித்த இளைஞர்களும் இளம்பெண்களும்தான். வெளியிலிருந்து வரும் தொண்டன் மழை பெய்தால் வரமாட்டான். முகாம்வாசிக்குப் போக்கிடம் ஏது? பிள்ளை ஏன் இரண்டு நாளாக வரவில்லை என்பது பக்கத்து அறையில் இருப்பவருக்குத் தெரியும். பெல்ஜியத்தில் ஜோசப் கார்டைன் அடிகளார் 1925இல் இளம் கிறிஸ்தவத் தொழிலாளர் இயக்கத்தை நிறுவியபோதும் இதையே அடிப்படையாக வைத்தார்: தொழிலாளியிடம் போக வேண்டியவன் தொழிலாளி. அதன்படி பார்த்தால் மீனவனிடம் போக வேண்டியவன் மீனவன். உதவி பெறுகிறவர்கள் என்று நாம் எண்ணுகிற தெருவில்தான் தொண்டர்களையும் தேட வேண்டும்.

நேரம் இல்லை என்பது கடைசித் தடை. படிக்கிறவனுக்குத் தேர்வு, கடலுக்குப் போகிறவனுக்குக் கடல். ஆனால் பாக்கு நீரிணையில் விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நான்கு நாள் என்று முறை வைத்துத்தானே தொழில் நடக்கிறது? இரண்டு கூட்டமும் ஒரே நாளில் இறங்கினால் வலை அறுபடும் என்பதால் வகுக்கப்பட்ட ஒழுங்கு அது. விசைப்படகில் போகும் தம்பிக்குக் கரையில் நிற்கும் நாள் முன்கூட்டியே தெரியும், நாட்டுப்படகுக்காரனுக்கும் தெரியும். ஒருவனின் கடல் நாள் மற்றவனின் கரை நாள் என்பதால், மையத்தின் பட்டியலில் ஒரு நாளும் ஆளில்லாமல் போக வேண்டியதில்லை. கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவை நினைத்துப் பாருங்கள். குடிக்கத் தண்ணீர் இல்லாத தீவுக்குப் படகு படகாக ஆட்களைப் பெயர் பதிந்து ஏற்றி, பட்டியலைச் சரிபார்த்து, மறுநாள் திரும்பக் கொண்டுவந்து சேர்க்கும் திறமை இந்த ஊருக்கு இருக்கிறது. தேர் இழுக்கவும் கொடிமரம் ஜோடிக்கவும் ஆள் ஒதுக்குவதில் நாம் ஒரு பிழை விடுவதில்லை. விழாவுக்கு இருக்கும் ஒழுங்கு, படுக்கையில் கிடக்கும் பெரியவருக்கு ஏன் இல்லை? பெண்பிள்ளைகளை மாலையில் வெளியே அனுப்பத் தயங்கும் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பாம்பனிலும் சின்னப்பாலத்திலும் நம் பெண்கள் தீவுகளைச் சுற்றி மூழ்கிக் கடல்பாசி எடுத்துக் குடும்பத்தைக் காப்பாற்றுகிறார்கள். கடலடியில் இறங்க விடுகிறோம், அடுத்த தெருவில் வகுப்பெடுக்க விடமாட்டோம் என்பது என்ன நியாயம்? யோப்பா என்ற கடற்கரை ஊரில் கைம்பெண்களுக்கு உடை தைத்துக் கொடுத்த தபித்தாளைச் சீடர் என்றே திருத்தூதர் பணிகள் அழைக்கிறது. பாதுகாப்பு வேண்டுமென்றால் இருவர் இருவராக அனுப்புங்கள். ஆண்டவரும் அப்படித்தான் அனுப்பினார்.

புயல் வரும் நாளையும் நினைத்துப் பாருங்கள். 1964 டிசம்பர் 22 இரவில் தனுஷ்கோடியைக் கடல் விழுங்கியது. பயணிகளோடு ஒரு ரயில் அடித்துச் செல்லப்பட்டது. இடிந்து நிற்கும் ஆலயச் சுவர் இன்று சுற்றுலாக்காரருக்குக் காட்சிப்பொருள். அப்படிப்பட்ட நாளில் மீனவரால் என்ன செய்ய முடியும் என்பதையும் பாருங்கள். 2018 ஆகஸ்டில் கேரளம் வெள்ளத்தில் மூழ்கியபோது, கடற்கரைக் கிராமத்து மீனவர்கள் 600க்கும் மேற்பட்ட படகுகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு போய் ஆயிரக்கணக்கானவர்களை மீட்டார்கள். அவர்களில் இளைஞர்கள் ஏராளம். அவர்களிடம் படகு இருந்தது, தண்ணீரைப் பற்றிய அறிவு இருந்தது. எந்த வீட்டில் யார் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்பதை உள்ளூர்க்காரர்தான் சொல்ல வேண்டியிருந்தது. நம் ஊரில் புயல் கூண்டு ஏறினால், எழுந்து நடக்க முடியாதவர் எந்த வீட்டில் இருக்கிறார், கர்ப்பிணி எங்கே, சர்க்கரைக்கு ஊசி போடுபவர் யார் என்ற கேள்விகளுக்கு இளைஞர் மையத்தில் பதில் இருக்க வேண்டும். ஆலயம், பள்ளிவாசல், கோயில் என்று பாராமல் எல்லாத் தெருவையும் எழுதிய பட்டியல் அது. அதைப் புயலன்று தயாரிக்க முடியாது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும், கல்லூரிகளுக்கும் விடுமுறை. தெருவாரியான பட்டியலை எடுக்க இதைவிட நல்ல காலம் கிடைக்காது. அதற்கு முன் உங்கள் பங்கின் இளைஞர் மையத்தில் போய்ப் பெயர் கொடுங்கள். பெயரோடு எந்தக் கிழமை, எந்த நேரம், என்ன வேலை என்பதையும் எழுதுங்கள். கிழமை எழுதாத பெயரை வாங்க வேண்டாம் என்று பொறுப்பாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.